அந்தரத்தில் நிற்கப் பழகுவது: ஹெலிகாப்டரில் முதல் பாடம்

“அண்ணே, இறுக்கிப் பிடிக்காதீங்க. தொட்டாப் போதும்.”

கோலாலம்பூரை அடுத்த சுபாங் பக்கம் ஒரு காலை வேளையில், புல்தரைக்கு ஐந்தடி மேலே, பயிற்சி தரும் விமானி என்னிடம் சொன்னது இது. வலது கையில் இருந்த கம்பியை நான் பிடித்திருந்த பிடியில் விரல் கணுக்கள் வெளுத்துப் போயிருந்தன. ஹெலிகாப்டர் இடப்பக்கம் நகர்ந்தது. நான் வலப்பக்கம் தள்ளினேன். வலப்பக்கம் அதைவிட வேகமாக நகர்ந்தது. பதறிப்போய் இடப்பக்கம் தள்ளினேன். மூன்றாவது ஆட்டத்தில் அவர் தன் பக்கத்துக் கம்பியை இரண்டு விரலால் தொட்டார். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள இயந்திரம், அதட்டலுக்குக் கட்டுப்பட்ட பிள்ளை மாதிரி அப்படியே அடங்கி நின்றது.

அந்த இரண்டு விரலுக்கும் என் ஐந்து விரலுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் என் அக்கா மகனுக்கு ஹெலிகாப்டர் ஓட்ட வேண்டும் என்று தீராத ஆசை. “முதல்ல நீங்க ஒரு பாடம் போய்ப் பாருங்க, மாமா” என்று என்னைப் பிடித்துத் தள்ளியவன் அவன்தான். போய் வந்தபின் அவனுக்கு உட்கார்ந்து விளக்கிச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளியில் படித்த இயற்பியல் மறந்துபோனவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதல் பாடம் என்பது சவாரி இல்லை. சவாரியில் இரட்டைக் கோபுரத்தையும் மெர்டேக்கா 118ஐயும் மேலிருந்து படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். பாடத்தில் விமானியின் இருக்கையே உங்களுடையது. ஹெலிகாப்டரில் அது பெரும்பாலும் வலப்பக்க இருக்கை. இடப்பக்கம் பயிற்சி தரும் விமானி இருப்பார். இருவர் முன்னாலும் ஒரே மாதிரிக் கட்டுப்பாடுகள். நீங்கள் தவறினால் அவர் அந்த நொடியே எடுத்துக்கொள்வார். யார் கையில் இயந்திரம் இருக்கிறது என்பதில் குழப்பம் வரக் கூடாது என்பதால், கொடுப்பவர் சொல்லிக் கொடுக்க வேண்டும், வாங்குபவர் சொல்லி வாங்க வேண்டும். அதை ஏறுவதற்கு முன்பே நான்கைந்து முறை ஒப்பிக்க வைத்தார்.

நான் ஏறியது ராபின்சன் ஆர்44. நான்கு இருக்கை, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், தலைக்குமேல் இரண்டே இறக்கைகள். இதற்குத் தம்பி ஆர்22, இரண்டு இருக்கை. ஃபிராங்க் ராபின்சன் என்ற பொறியாளர் 1973ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் இது. விலையிலும் செலவிலும் சாதாரணமானவர்களுக்கு எட்டுகிற ஒரு சிறிய ஹெலிகாப்டரைச் செய்ய வேண்டும் என்பதே அவர் நோக்கம். உலகெங்கும் ஏராளமான பயிற்சிப் பள்ளிகளில் இந்த இரண்டையும் பார்க்கலாம்.

எப்படி மேலே நிற்கிறது?

சின்ன வயதில் நெடுஞ்சாலையில் காரின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அம்மாவிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. உள்ளங்கையைத் தட்டையாக வைத்தால் கை அமைதியாக இருக்கும். முன் விளிம்பைச் சற்றே உயர்த்தினால் காற்று கையை மேலே தூக்கும். விமானத்தின் இறக்கை செய்வதும் இதுதான். காற்று வேகமாக வந்து மோத வேண்டும்; அதற்காகத்தான் விமானம் ஓடுபாதையில் ஓடுகிறது. ஹெலிகாப்டரில் உடல் ஓடுவதில்லை. இறக்கைகள் மட்டும் தலைக்குமேல் வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் நின்ற இடத்திலிருந்தே எழும்ப முடிகிறது. இறக்கைகளும் அவை சுழலும் மையமும் சேர்ந்ததை ரோட்டார் என்பார்கள்.

என் மருமகன் நினைத்திருந்த மாதிரியே நானும் நினைத்திருந்தேன்: மேலே போக வேண்டுமானால் ரோட்டார் வேகமாகச் சுற்ற வேண்டும், கீழே வர மெதுவாக. வீட்டு மின்விசிறியின் ஐந்து எண்களை மனதில் வைத்து வரும் தவறு இது. ஹெலிகாப்டர் பறக்கும்போது ரோட்டாரின் வேகம் கிட்டத்தட்ட மாறவே மாறாது. ஆர்44ல் அது நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று. எழும்பும்போதும் அதே, பறக்கும்போதும் அதே, இறங்கும்போதும் அதே. அந்த வேகத்தில் இறக்கையின் நுனி மணிக்கு ஏறத்தாழ 750 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். மாறுவது இறக்கையின் சாய்வு. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையின் முன் விளிம்பை எவ்வளவு உயர்த்துகிறோம் என்பதுதான் கணக்கு.

வேகம் மாறக் கூடாது என்பது அவ்வளவு முக்கியம் என்பதால், எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைத் தானாகவே கூட்டிக் குறைத்து ரோட்டாரின் வேகத்தைக் காக்கும் கருவி ஒன்று இருக்கிறது. வேகம் 97 விழுக்காட்டுக்கு இறங்கினால் காதில் ஒரு ஊதல் ஒலிக்கும். அந்த ஊதலைத் தரையில் இருக்கும்போதே கேட்கச் செய்து பழக்குகிறார்கள்.

இரண்டு கை, இரண்டு கால்

இடது கையில் ஒரு நெம்பு. இருக்கைக்குப் பக்கத்தில் காரின் கைப்பிரேக் மாதிரி கிடக்கும். பெயர் காலெக்டிவ். இதை உயர்த்தினால் இரண்டு இறக்கைகளின் சாய்வும் ஒன்றாகக் கூடும்; ஹெலிகாப்டர் எழும்பும். இறக்கினால் இறங்கும்.

வலது கையில் சைக்ளிக். இது ரோட்டார் முழுவதையும் ஒரு பக்கமாகச் சாய்க்கும். தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு நடக்கிறீர்கள் என்று வையுங்கள். தாம்பாளம் எந்தப் பக்கம் சாய்கிறதோ தண்ணீர் அந்தப் பக்கம் ஓடும். ரோட்டார் எந்தப் பக்கம் சாய்கிறதோ ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் போகும். முன்னால், பின்னால், இடம், வலம், எல்லாம் இந்த ஒரு கம்பியில். ராபின்சனில் இரண்டு இருக்கைக்கும் நடுவிலிருந்து ஒரே தண்டு மேலெழுந்து, உச்சியில் இரு கைகளாகப் பிரிந்து இருவர் மடிக்கும் நேராக வரும். ஏற்றப்பலகை மாதிரி அது மேலும் கீழும் ஆடும். அவர் தன் பக்கத்தைத் தாழ்த்திப் பிடித்தால் என் பக்கம் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும். அந்த மேல் கீழ் ஆட்டத்துக்கும் பறப்பதற்கும் சம்பந்தமே இல்லை. முதலில் அது பெரிய குழப்பமாக இருந்தது. பத்து நிமிடத்தில் மறந்துபோனது.

கால்களுக்குக் கீழே இரண்டு பெடல். காரில் போல அழுத்தினால் ஓடுவதற்கோ நிற்பதற்கோ அல்ல. இவை வால் ரோட்டாருக்கு. வால் ரோட்டார் எதற்கு? துளைபோடும் இயந்திரத்தால் சுவரில் ஓட்டை போட்டவர்களுக்குத் தெரியும், முனை எங்காவது மாட்டிக்கொண்டால் இயந்திரம் எதிர்ப்பக்கமாக உங்கள் மணிக்கட்டை முறுக்கும். ஹெலிகாப்டரிலும் அப்படித்தான். எஞ்சின் ரோட்டாரை ஒரு பக்கம் சுற்றினால், உடல் மறுபக்கம் சுற்றப் பார்க்கும். ராபின்சனில் ரோட்டார் மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது. அதனால் மூக்கு வலப்பக்கம் திரும்பத் துடிக்கும். வாலில் இருக்கும் சிறிய ரோட்டார் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று சொல்வதே பெடலின் வேலை. பிரெஞ்சு ஹெலிகாப்டர்கள் பலவற்றில் ரோட்டார் கடிகார முள்ளோடு சுற்றும். அங்கே கால் வேலையும் தலைகீழ்.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே எளிது. மேலே பறக்கும்போது அவரும் ஒவ்வொன்றாகத்தான் கொடுத்தார்: முதலில் சைக்ளிக் மட்டும், பிறகு பெடல் மட்டும், பிறகு காலெக்டிவ். 1,000 அடியில், நேராகப் போகும்போது, கால் மணி நேரத்தில் எனக்குத் தைரியமே வந்துவிட்டது. ஷா ஆலாமுக்கு அப்பால் செம்பனைத் தோட்டங்கள் சீப்பால் வாரிவிட்டது போல் வரிசையாக ஓடின. தூரத்தில் கடல் ஒரு வெள்ளைக் கோடு. ஓட்டிவிடலாம் போலிருக்கிறதே என்று நினைத்தேன். “சரிண்ணே, இப்போ கீழே போய் நிப்பாட்டிப் பாப்போம்” என்றார்.

நிற்பதுதான் கஷ்டம்

காற்றில் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதை இந்தத் தொழிலில் ஹோவர் என்பார்கள். தமிழில் நமக்கு அழகான சொல்லே இருக்கிறது, அந்தரத்தில் நிற்பது. ஹெலிகாப்டர் செய்யும் வேலைகளில் இதுதான் எளிது என்று கீழே இருந்து பார்க்கும் யாருக்கும் தோன்றும். சும்மா நிற்கிறது, அவ்வளவுதானே. கற்றுக்கொள்பவருக்கு இதைவிடக் கடினமானது வேறில்லை.

ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம். ஹெலிகாப்டர் அரை அடி இறங்குகிறது. காலெக்டிவைக் கொஞ்சம் உயர்த்துகிறேன். இறக்கையின் சாய்வு கூடியதால் காற்றின் எதிர்ப்பு கூடுகிறது, எஞ்சின் அதிகமாக உழைக்கிறது, முறுக்கு கூடுகிறது, மூக்கு வலப்பக்கம் திரும்புகிறது. இடது பெடலை அழுத்துகிறேன். வால் ரோட்டார் இன்னும் பலமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் மொத்த ஹெலிகாப்டரும் வலப்பக்கம் நகர்கிறது. சைக்ளிக்கை இடப்பக்கம் சாய்க்கிறேன். தூக்கும் விசையில் ஒரு பங்கு இப்போது பக்கவாட்டில் போய்விட்டது, எனவே மறுபடி இறங்குகிறது. காலெக்டிவை உயர்த்துகிறேன். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டேன். இத்தனையும் இரண்டு மூன்று வினாடிக்குள். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கேள்வி கேட்கும். இது இயந்திரத்தின் கோளாறு அல்ல, ஹெலிகாப்டரின் இயல்பே இது. காற்றே இல்லாத நாளில் ஆர்44 அந்தரத்தில் நிற்கும்போது உற்றுப் பாருங்கள், சக்கரத்துக்குப் பதிலாக அடியில் இருக்கும் இரண்டு சறுக்குக்கால்களில் இடது கால் வலதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். வால் ரோட்டாரின் தள்ளலுக்கு எதிராக ரோட்டார் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே நிற்பதன் அடையாளம் அது.

இதோடு தாமதமும் சேர்கிறது. சைக்ளிக்கை நகர்த்திய அதே கணத்தில் ஹெலிகாப்டர் நகராது. ரோட்டார் சாய வேண்டும், பிறகு அதில் தொங்கும் உடல் பின்தொடர வேண்டும். அந்தச் சிறு இடைவெளிக்குள் புதியவர், “ஒன்றும் நடக்கவில்லையே” என்று இன்னும் தள்ளுவார். இரண்டு தள்ளலுக்கும் சேர்த்து ஹெலிகாப்டர் பதில் சொல்லும். உடனே எதிர்ப்பக்கம் அதைவிடப் பெரிதாகத் தள்ளுவார். ஊஞ்சலுக்குத் தப்பான நேரத்தில் உந்து கொடுத்தது போல ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். எனக்கு நடந்தது முழுக்க முழுக்க இதுதான். ஆட்டத்தை உண்டாக்கியது காற்றல்ல, என் கை.

அவர் சொன்ன மருந்து இரண்டு. ஒன்று, முன்கையைத் தொடையின் மேல் வைத்துக்கொள்வது. கை அந்தரத்தில் இருந்தால் பெரிய அசைவுதான் வரும். தொடையில் ஊன்றியிருந்தால் மணிக்கட்டும் விரலும் மட்டுமே அசையும். தேவைப்படும் அசைவு அரிசி மணி அளவு. சில நேரம் அசைவுகூட இல்லை, “அந்தப் பக்கம் போ” என்று நினைத்து இலேசாக அழுத்தினால் போதும்.

இரண்டாவது மருந்து, பார்வை. நான் என்னையறியாமல் மூக்குக்கு முன்னால் இருந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். புல் ஓடினால் கை ஓடியது. “அங்க பாருங்க, அந்த மரத்த” என்று திடலுக்கு அப்பால் இருந்த மரவரிசையைக் காட்டினார். சின்ன வயதில் விளக்குமாற்றை உள்ளங்கையில் நட்டுக்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்போம். உள்ளங்கையைப் பார்த்தால் விழுந்துவிடும், உச்சியைப் பார்த்தால் நிற்கும். உச்சியில் சாய்வு சீக்கிரம் தெரியும், சீக்கிரம் தெரிந்தால் சின்னத் திருத்தம் போதும். தொலைவைப் பார்க்கும்போதும் இதேதான் நடக்கிறது. பக்கத்தில் உள்ள புல், ஹெலிகாப்டர் நகர்ந்துவிட்டதைச் சொல்கிறது. தொலைவில் உள்ள மரம், நகரப்போவதைச் சொல்கிறது.

ஒரு செய்தி இங்கே எனக்கு ஆறுதலாக இருந்தது. இகோர் சிகோர்ஸ்கி 1939 செப்டம்பர் 14ஆம் தேதி தன் விஎஸ்-300 ஹெலிகாப்டரை முதன்முதலில் தரையிலிருந்து தூக்கியபோது, அது ஓடிவிடாதபடி கயிற்றால் கட்டித்தான் வைத்திருந்தார். அந்தச் சிகோர்ஸ்கி நிறுவனம் செய்ததுதான் நம் நாட்டு விமானப்படையில் 1968 முதல் ஐம்பது ஆண்டு உழைத்த நூரி ஹெலிகாப்டர். அதற்கும் முன்னால், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், 1950ல் பிரிட்டிஷ் விமானப்படை டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்களை மலாயாவுக்குக் கொண்டுவந்தது, காட்டுக்குள் காயம்பட்டவர்களை வெளியே எடுத்துவர. ஓடுபாதை போட முடியாத காட்டில், மரங்களை வெட்டித் திறந்த சிறு வெளிக்குள் இறங்கி, ஆளை ஏற்றிக்கொண்டு எழும்ப வேண்டும். நான் திறந்த திடலில் பட்ட பாட்டுக்குப் பிறகு, அந்த விமானிகளை நினைத்தால் மரியாதை பல மடங்கு கூடுகிறது.

நின்றதிலிருந்து போவதற்கு

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் காற்று தரையில் பட்டு நாலாபக்கமும் ஓடுவது தெரியும். ஹெலிகாப்டர் தரைக்கு அருகில் நிற்கும்போது, கீழே தள்ளிய காற்று தரையில் முட்டுவதால் அதற்கு ஒரு தாங்கல் கிடைக்கிறது. ஏறக்குறைய ரோட்டாரின் விட்டம் அளவு உயரம் வரை இந்த உதவி உண்டு. ஆர்44க்கு அது 33 அடி. அதற்கு மேலே போனால் அதே இடத்தில் நிற்க எஞ்சின் இன்னும் உழைக்க வேண்டும்.

முன்னால் நகரத் தொடங்கினால் முதலில் அந்தத் தாங்கல் நழுவுவதால் கொஞ்சம் தாழும். பிறகு மணிக்கு 30 முதல் 45 கிலோமீட்டர் வேகத்துக்குள் உடல் முழுவதும் ஒரு நடுக்கம். கரடுமுரடான சாலையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும்போது வருமே, அந்த மாதிரி. அது முடிந்ததும் யாரோ கீழிருந்து தூக்கிவிட்டது போல ஹெலிகாப்டர் எழும்புகிறது. நின்ற இடத்தில் ரோட்டார் தானே கலக்கிய காற்றையே திரும்பத் திரும்பச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இப்போது முன்னால் இருக்கும் கலங்காத காற்றுக்குள் நுழைந்துவிட்டது. அதனால் மிதமான வேகத்தில் பறப்பதைவிட அந்தரத்தில் நிற்கவே அதிகச் சக்தி செலவாகிறது. நின்றால் ஓய்வு என்பது நம் கால்களுக்குத்தான்.

சினிமாவில் ஹெலிகாப்டர் நேராக மேலே எழும்பிப் போகும். பயிற்சியில் அப்படிப் போவதில்லை. சில அடி உயரத்திலேயே முன்னால் ஓடி, வேகம் சேர்த்து, பிறகுதான் ஏறினோம். காரணம், எஞ்சின் நின்றுவிட்டால் பத்திரமாக இறங்க உயரமோ வேகமோ, இரண்டில் ஒன்றாவது போதிய அளவு கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத நிலையில் அதிக நேரம் இருக்கக் கூடாது. எந்த உயரத்தில் எந்த வேகம் ஆபத்து என்று ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் வரைபடமே உண்டு.

எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழாதா? என் அக்கா கேட்ட முதல் கேள்வி இது. விழாது. கெப்போங் வன ஆய்வு நிலையக் காட்டுக்கு நடக்கப் போனவர்கள், கெருயிங் மரத்தின் விதை இரண்டு நீண்ட சிறகோடு சுழன்று சுழன்று மெல்ல இறங்குவதைப் பார்த்திருக்கலாம். அதே தத்துவம்தான். எஞ்சின் நின்றதும், சைக்கிளில் பெடலை மிதிக்காமல் விட்டாலும் சக்கரம் ஓடுவது போல, ரோட்டார் எஞ்சினை விட்டு விலகித் தானாகச் சுழலும்படி அமைத்திருக்கிறார்கள். விமானி உடனே காலெக்டிவை இறக்க வேண்டும். ஓரிரு வினாடிக்கு மேல் தாமதிக்கக் கூடாது. இறங்கும்போது கீழிருந்து மேலே பாயும் காற்று ரோட்டாரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். தரைக்கு அருகில் வந்ததும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, கடைசிக் கணத்தில் காலெக்டிவை உயர்த்தினால், ரோட்டார் சேர்த்து வைத்திருந்த சுழற்சி முழுவதும் மெத்தையாக மாறி இறக்கிவிடும். முதல் பாடத்தில் இதை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. உரிமம் வாங்குமுன் பலமுறை செய்ய வேண்டியிருக்கும்.

நம் ஊர் வெயில்

ஹெலிகாப்டரின் கணக்குகள் 15 டிகிரி வெப்பத்தை அடிப்படையாக வைத்துத் தொடங்குகின்றன. கோலாலம்பூரில் நடுப்பகலில் 32 டிகிரி சர்வசாதாரணம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குப் பிடிமானம் குறையும். ஒவ்வொரு கூடுதல் டிகிரிக்கும் சுமார் 120 அடி உயரம் கூடியது போல என்று விமானிகள் மனக்கணக்குப் போடுவார்கள். சுபாங் கடல்மட்டத்துக்கு 90 அடி மேலேதான் இருக்கிறது. ஆனால் 32 டிகிரி வெயிலில் ஹெலிகாப்டர் 2,000 அடிக்கு மேலே இருப்பது போல உணரும். புழுக்கமும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். நீராவி நிறைந்த காற்று கனமாக இருக்கும் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அது உலர்ந்த காற்றைவிட இலேசானது.

அதனால் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வெயில் ஏறுமுன் காற்றும் அடங்கியிருக்கும், பிற்பகலில் கட்டிக்கொண்டு வரும் இடிமழையும் இருக்காது. புகைமூட்டம் உள்ள நாளில் பாடத்தைத் தள்ளிவைத்தால் வருத்தப்படாதீர்கள். தூரத்து மரத்தைப் பார்த்துத்தான் நிற்கப் பழக வேண்டும் என்று மேலே சொன்னேன், அந்த மரமே தெரியாவிட்டால் என்ன பாடம்?

எடையைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். என்னைத் தராசில் ஏற்றியே பார்த்தார்கள். ஆர்22ல் ஓர் இருக்கைக்கு 109 கிலோ, ஆர்44ல் 136 கிலோ என்று வரம்பு உண்டு. இருக்கைக்கு அடியில் வைக்கும் பையும் அதில் சேரும். கட்டிய காலணி அணியுங்கள், ஸ்லிப்பர் வேண்டாம். தொப்பி, துப்பட்டா, கழுத்துப் பட்டையில் தொங்கும் அடையாள அட்டை எதுவும் கூடாது. ரோட்டார் சுற்றும்போது விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கமிருந்துதான் போக வேண்டும். வால் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். சுற்றும் வால் ரோட்டார் கண்ணுக்கே தெரியாது.

ஏறுவதற்கு முன்னால் அவர் ஹெலிகாப்டரைச் சுற்றிவந்து சோதித்த இருபது நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். தொட்டியின் அடியிலிருந்து எரிபொருளைக் கண்ணாடி மாதிரியான குழாயில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். விமானப் பெட்ரோலுக்கு இளநீலச் சாயம் போட்டிருப்பார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இரவில் தொட்டிக்குள் நீர் கோத்துக்கொள்ளலாம். அப்படி இருந்தால் குழாயின் அடியில் நிறமில்லாத ஒரு முத்தாக உருண்டு நிற்கும். அன்று இல்லை. பிறகு பட்டைகளைக் காட்டினார். இந்த ராபின்சனில் எஞ்சினிலிருந்து ரோட்டாருக்குச் சக்தி போவது ரப்பர் பட்டைகள் வழியாக, மாவு மில்லில் ஓடுமே, அந்த மாதிரி. எஞ்சினைக் கிளப்பியபின் ஒரு சுவிட்சைப் போட்டால் பட்டைகள் மெல்ல இறுகும், இறக்கைகள் சோம்பலாகச் சுற்றத் தொடங்கும். “ஒவ்வொரு தடவையும் இதே வரிசைதான், நாளைக்குப் பறந்தாலும் இதேதான்” என்றார்.

பயிற்சிக் கட்டணம் சிறிய விமானத்தைவிடக் கூடுதலாக இருப்பதற்கும் இங்கேதான் காரணம். சுழலும் பாகங்கள் பலவற்றுக்கு ஆயுள் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆர்22, ஆர்44 இரண்டிலும் பொதுவாக 2,200 மணி நேரம் பறந்ததும், அல்லது 12 ஆண்டு ஆனதும், எது முதலில் வந்தாலும், முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் அந்தச் செலவில் ஒரு பங்கு சேர்கிறது. நான் அதை வீண் செலவாகப் பார்க்கவில்லை.

தொடர்ந்து கற்க நினைப்பவர்களுக்கு: சர்வதேச விதிப்படி தனியார் ஹெலிகாப்டர் உரிமத்துக்குக் குறைந்தது 17 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்தில் 35. அதில் 10 மணி நேரம் தனியாக. தொலைதூரப் பயணம் ஒன்று 180 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். அதை முதலில் எடுத்துவிடுவது நல்லது, பணத்தைக் கட்டியபின் கண்ணிலோ இதயத்திலோ குறை தெரியவந்தால் மனம் உடைந்துபோகும். இங்கே உரிமம் தருவது மலேசிய சிவில் வான்போக்குவரத்து ஆணையம். வானொலிப் பேச்சு ஆங்கிலத்தில். எண்களைக்கூடத் தனியாகப் பழக வேண்டும், ஒன்பதை நைனர் என்றும் மூன்றை ட்ரீ என்றும் சொல்வார்கள், இரைச்சலில் ஒன்று மற்றொன்றாகக் கேட்டுவிடாதபடி.

முதல் பாடத்தில் அந்தரத்தில் நிற்க வரவில்லையே என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்கும் வருவதில்லை. சிலருக்குப் பத்து மணி நேரம் பிடிக்கும். ஒரு நாள் கை தானாகச் செய்யத் தொடங்கும் என்று அவர் சொன்னார், சைக்கிள் ஓட்ட வந்த நாள் மாதிரி.

இறங்கியபின் வேலியோரம் நின்றிருந்த மருமகன் தன் கைப்பேசியில் பிடித்த படத்தைக் காட்டினான். உள்ளே இருந்தபோது திடலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வீசப்பட்டதாக நான் நினைத்த ஆட்டம், படத்தில் இரண்டு முழத்துக்கு மேல் இல்லை. ஓரிடத்தில் மட்டும் ஹெலிகாப்டர் அப்படியே நின்றது. அவர் கையைத் தூக்கி, தான் எதையும் தொடவில்லை என்று எனக்குக் காட்டிய இடம் அது. உள்ளே அது ஒரு நிமிடமாவது இருந்திருக்கும் என்று நான் சத்தியமே செய்திருப்பேன். அவன் படத்தைப் பின்னால் ஓட்டி, மறுபடி போட்டு, விரல் விட்டு எண்ணினான்.

“நாலு செகண்டு, மாமா.”